கேமராவுக்குள் வராத வாத்தியக்காரர்கள்

1942-ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில், ஒரு ரீல் குறும்படப் பிரிவில், ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் மரைன் பேண்ட்’ என்றொரு படம் இருந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. சுமார் பத்து நிமிடம் ஓடும். கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது; அமெரிக்க மரைன் படையின் இசைக்குழு சீருடையோடு வாசிக்கிறது, அவ்வளவுதான். இயக்கியவர் ழான் நெகுலெஸ்கோ, தயாரிப்பாளர் கார்டன் ஹாலிங்ஸ்ஹெட். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பிரிவில், அதே ஸ்டூடியோவுக்காக அதே ஹாலிங்ஸ்ஹெட் தயாரித்த இன்னொரு இசைப்படம் பரிந்துரை பெற்றது. ‘ஜாமின் தி ப்ளூஸ்’ என்பது அதன் பெயர். அதில் வாசிப்பவர்கள் ஒருவரைத் தவிர எல்லோரும் கறுப்பினக் கலைஞர்கள். அந்த ஒருவரின் முகம் மட்டும் திரையில் சரியாகத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் விளக்கே வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு படங்களையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் குறைவு. ஒன்று ராணுவத்தின் புகழ் பாடும் படம், மற்றது ஜாஸ் ரசிகர்கள் போற்றும் கலைப்படம் என்று இரண்டும் இரண்டு அலமாரிகளுக்குப் போய்விட்டன. ஆனால் போர்க்கால பேண்ட் படங்களில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால், பதில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பழைய படங்களைப் பற்றிய இன்றைய விமர்சனங்கள் பெரும்பாலும் முகங்களை எண்ணுவதோடு முடிந்துவிடுகின்றன. இத்தனை வெள்ளையர், கறுப்பர் எவருமில்லை, பெண் எவருமில்லை, தீர்ப்பு எழுதியாயிற்று. எண்ணிக்கை தவறாக இருக்காது. ஆனால் அந்த முகங்கள் எந்த வாசலில், யார் கையால் நிறுத்தப்பட்டன என்பதை எண்ணிக்கை சொல்வதில்லை. கேமராமேனா, இயக்குநரா, ஸ்டூடியோவா, தியேட்டர் முதலாளியா, ராணுவ அமைச்சகமா?

மரைன் பேண்டிலிருந்தே தொடங்கலாம். 1798-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் பிறந்த குழு அது. தொடக்கத்தில் டிரம்மும் குழலும் மட்டும்தான். வெள்ளை மாளிகை நிகழ்ச்சிகளில் வாசிக்கும் உரிமை பெற்றதால் ‘குடியரசுத் தலைவரின் சொந்தக் குழு’ என்ற செல்லப்பெயர் அதற்கு உண்டு. இத்தனை அமெரிக்கத்தனமான குழுவின் ரத்தத்தில் அமெரிக்கம் எவ்வளவு என்று பார்த்தால் சுவையாக இருக்கும். ஜெஃபர்சன் தலைவராக இருந்தபோது, 1805-இல், சிசிலித் தீவின் கட்டானியா ஊரிலிருந்து இத்தாலிய வாத்தியக்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றிக் கொண்டுவந்து குழுவை வளர்த்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜான் பிலிப் சூசாவின் தந்தை போர்ச்சுகீசிய வம்சம், தாய் பவேரியாவில் பிறந்தவர். சூசா 1880 முதல் 1892 வரை குழுவை நடத்தினார். 1898-இல் பொறுப்பேற்ற வில்லியம் எச். சான்டெல்மன் ஜெர்மனியில் பிறந்தவர். 1942-இல் படம் எடுக்கப்பட்டபோது குழுவின் தலைமையில் இருந்தவர் அவருடைய மகன் வில்லியம் எஃப். சான்டெல்மன். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், ஜெர்மன் குடும்பப் பெயர் கொண்டவர் அமெரிக்காவின் முதல் இசைக்குழுவை நடத்துகிறார்; யாரும் முகம் சுளிக்கவில்லை. படத்தை இயக்கிய நெகுலெஸ்கோவும் ருமேனியாவின் கிரையோவா நகரில் பிறந்து வந்தவர். வந்தேறிகளை ஏற்றுக்கொள்ளும் விஷயத்தில் அந்தப் பத்து நிமிடப் படம் தாராளமானதுதான்.

ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு வேலி இருந்தது. மரைன் படை 1798-இல் அமைக்கப்பட்டதிலிருந்து கறுப்பினத்தவரைச் சேர்க்கவே இல்லை. 1941 ஜூனில், பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 8802 என்ற ஆணையும் அதைத் தொடர்ந்த அரசியல் நெருக்கடியும்தான் கதவைச் சற்றுத் திறந்தன. அப்போது படைத் தளபதியாக இருந்த தாமஸ் ஹோல்கம்ப் கடற்படைக் குழுவின் முன் சொன்ன கருத்து பிரசித்தம்: ஐயாயிரம் வெள்ளையர் கொண்ட படையா, இரண்டரை லட்சம் கறுப்பர் கொண்ட படையா என்று கேட்டால் வெள்ளையரையே தேர்ந்தெடுப்பேன் என்ற பொருளில் பேசினார். 1942 ஜூன் 1 அன்று ஆள்சேர்ப்பு தொடங்கியது. ஆகஸ்டில் முதல் ஆட்கள் வட கரோலினாவில் மான்ட்ஃபோர்ட் பாயின்ட் என்ற தனி முகாமுக்கு வந்து இறங்கினார்கள். வெள்ளையருக்கான பெரிய முகாம் பக்கத்திலேயே இருந்தது. அங்கே இவர்களுக்கு இடமில்லை.

ஆகவே நெகுலெஸ்கோ கேமராவை எங்கே திருப்பினாலும் மரைன் பேண்டில் கறுப்பு முகம் ஒன்றைக் கண்டிருக்க முடியாது. பெண் முகமும் அப்படியே. அந்தக் குழுவில் முதல் பெண் 1973-இல்தான் சேர்ந்தார். இது இயக்குநரின் பாரபட்சம் இல்லை. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுதப்பட்ட பட்டியல். படம் அந்தப் பட்டியலை உள்ளபடியே காட்டியது. அந்த அளவில் அது நேர்மையான ஆவணம் என்றுகூடச் சொல்வேன்.

அப்படியானால் குற்றம் எவர் மேலும் இல்லையா? இருக்கிறது. ஒரு படி முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்: படமெடுக்க எந்த பேண்டைத் தேர்ந்தெடுத்தார்கள்? வார்னரின் ‘மெலடி மாஸ்டர்ஸ்’ வரிசையில் வெவ்வேறு படைப்பிரிவுகளின் பேண்டுகள் படமாயின. இடமும் பணமும் பிலிமும் ஒதுக்கித் தேர்வு செய்தது ஸ்டூடியோ. அதே 1942-இல் வேறு எந்தெந்த பேண்டுகள் அமெரிக்கச் சீருடையில் வாசித்துக்கொண்டிருந்தன என்று பார்த்தால், ஸ்டூடியோ எதைப் பார்க்காமல் விட்டது என்பது விளங்கும்.

வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் கடற்படை, விமானிகளுக்கான முன்பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தியது. பிற்காலத்தில் அமெரிக்கத் தலைவரான ஜெரால்ட் ஃபோர்டு அங்கே பயிற்றுநராக இருந்தார். அந்தப் பள்ளிக்கென்று ‘பி-1’ என்ற பேண்டைக் கடற்படை அமைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞர்கள். பலர் கிரீன்ஸ்பரோவில் இருந்த கறுப்பினக் கல்லூரியின் மாணவர்கள். அதற்குமுன் கடற்படையில் கறுப்பருக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, படுக்கை விரிப்பது. பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது துப்பாக்கியைப் பிடித்து விமானங்களை நோக்கிச் சுட்டு, நேவி கிராஸ் பதக்கம் பெற்ற டோரிஸ் மில்லரும் சாப்பாட்டு அறைப் பணியாளர்தான். நவீனக் கடற்படையில் அந்த வேலைக்கு வெளியே பணி பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று பி-1 குழுவினரைத்தான் சொல்கிறார்கள். பீரங்கி இயக்குபவராகவோ மாலுமியாகவோ அல்ல, வாத்தியக்காரர்களாகவே அந்தக் கதவைக் கடந்தார்கள்.

கடந்த பிறகு கிடைத்த வரவேற்பு எப்படி? வளாகத்தில் வாசிக்கலாம், வளாகத்தில் தங்கக் கூடாது, அங்கே சாப்பிடக் கூடாது. ஊரின் கறுப்பர் குடியிருப்பில் இருந்த சமூகக் கூடம் அவர்களுடைய பாசறையானது. தினமும் காலையில் சீருடை மாட்டி, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு, ஊர் நடுவே அணிவகுத்து வளாகத்துக்கு நடப்பார்கள், கொடியேற்றத்துக்கு வாசிப்பார்கள், வேலை முடிந்ததும் திரும்ப நடப்பார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவருவார்களாம். 1944-இல் குழுவை ஹவாய்த் தீவுகளில் இருந்த மனானா முகாமுக்கு மாற்றினார்கள்.

ஒரு ரீலுக்கு இதைவிடச் சிறந்த காட்சி எது வேண்டும்? தெரு இருக்கிறது, அணிவகுப்பு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, இசை இருக்கிறது. ஹாலிவுட்டிலிருந்து ஒரு கேமராவும் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

சேப்பல் ஹில் சிறிய ஊர், தென் மாநிலம், எட்டாத தூரம் என்று சாக்குச் சொல்லலாம். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்துக்கு அந்தச் சாக்கும் பொருந்தாது. 1942 முதல் 1945 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின இசைக்கலைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். அங்கிருந்து நாடெங்கும் உள்ள கடற்படைத் தளங்களுக்கு பேண்டுகளாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய முகாமின் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். உள்நாட்டுப் போரின்போது, அடிமையாக இருந்த நிலையிலேயே தென்படையின் கப்பலைக் கடத்திக்கொண்டு வடபடையிடம் சேர்ந்தவர் அவர். லென் போடன் இசைப் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் டிரம்பெட் மேதை என்று பெயரெடுத்த கிளார்க் டெர்ரி அங்கேதான் போர்க்காலத்தைக் கழித்தார். ஜெரால்ட் வில்சனும் அங்கே இருந்தார். இத்தனை பெரிய இசைப்பள்ளி அன்றைய அமெரிக்காவில் வேறு இருந்ததா என்பதே சந்தேகம். ‘மெலடி மாஸ்டர்ஸ்’ வரிசைக்கு இதுவும் கண்ணில் படவில்லை.

கண்ணில் படாமல் போனதற்கு வெறுப்பைவிட வலுவான ஒரு காரணம் இருந்தது: வியாபாரம். ஒரு ரீல் குறும்படம் தனியாக ஓடுவதில்லை. பெரிய படத்துக்கு முன்னால், செய்திப்படத்தோடும் கார்ட்டூனோடும் சேர்த்துக் காட்டுவார்கள். தென் மாநிலங்களின் தியேட்டர்களும் அதே கட்டைத்தான் வாங்கின. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவை லாயிட் பின்ஃபோர்டு என்பவர் கால் நூற்றாண்டு ஆட்டிவைத்தார். கறுப்பர் வெள்ளையரோடு சமமாகத் தோன்றும் காட்சியைப் பார்த்தால் கத்தரிப்பார், முடியாவிட்டால் படத்தையே தடை செய்வார். ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தில் கறுப்பின நடிகர் எடி ஆண்டர்சனுக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி 1945-இல் தடை போட்டார். ஸ்டூடியோக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தன. கறுப்பினப் பாடகர்களின் பாட்டைக் கதையோடு ஒட்டாமல் தனித் துண்டாக எடுத்துவைப்பார்கள். வடக்கே ஓடும், தெற்கே வெட்டப்படும், கதைக்கு ஒன்றும் ஆகாது. லீனா ஹார்னின் பாடல் காட்சிகளுக்கு நேர்ந்தது அதுதான்.

பத்து நிமிட பேண்ட் படத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. பேண்ட் என்றால் ஒரே வரிசை, ஒரே சட்டகம். மூன்றாவது கிளாரினெட்டை மட்டும் கத்தரிக்க முடியுமா? கத்தரிக்க முடியாத இடத்தில் கலப்பே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ராணுவமும் கலக்கவில்லை, ஸ்டூடியோவுக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு நிறுவனங்களின் பாரபட்சமும் இப்படி ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன என்பதே என் வாதம். ராணுவத்தைக் கேட்டால் மக்கள் மனநிலை என்பார்கள். ஸ்டூடியோவைக் கேட்டால் ராணுவத்தின் அமைப்பே அப்படி என்பார்கள்.

1942-இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலர் வால்டர் ஒயிட், அரசியல் தலைவர் வெண்டெல் வில்கியோடு ஹாலிவுட்டுக்கே போய் ஸ்டூடியோ தலைவர்களிடம் பேசினார். வேலைக்காரன், கோமாளி என்ற இரண்டு பாத்திரங்களை விட்டுக் கறுப்பரைச் சாதாரண மனிதராகக் காட்டுங்கள் என்பது கோரிக்கை. வாக்குறுதியும் கிடைத்தது. அந்தக் கோரிக்கைக்கு என்ன அவசியம் என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு கார்ட்டூன் போதும். வால்டர் லான்ட்ஸ் எடுத்த ‘பூகி ஊகி பியூகிள் பாய் ஆஃப் கம்பெனி பி’ என்ற அந்த 1941 குறும்படத்தில் ஹார்லெமின் டிரம்பெட் கலைஞன் ஒருவன் கட்டாய ஆள்சேர்ப்பில் மாட்டி, கறுப்பர் படைப்பிரிவில் பியூகிள் ஊதும் வேலைக்குப் போகிறான். கறுப்பர் நிறைந்த ராணுவ பேண்ட் படம் ஒன்று உண்மையிலேயே இருந்தது, அது இதுதான். தடித்த உதடு, தூங்கி வழியும் கண், சோம்பேறி உடல் என்று அன்றைய கேலிச்சித்திர வழக்கம் முழுவதும் அதில் உண்டு. இதுவும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஆக, முகங்களை எண்ணினால் லான்ட்ஸின் கார்ட்டூன் நெகுலெஸ்கோவின் படத்தைவிடப் பன்முகத்தன்மை கொண்டது. எண்ணிக்கையை மட்டும் நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இசையைப் பொறுத்தவரை வேலி இவ்வளவு கெட்டியாக இல்லை. க்ளென் மில்லரின் விமானப்படை பேண்ட் போர்க்காலத்தின் மிகப் பிரபலமான ராணுவ இசைக்குழு. அதில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர். அந்தக் குழு சூசா பாணி அணிவகுப்பு இசையைப் புதுமைப்படுத்தி வாசித்ததில் தலைசிறந்தது ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் மார்ச்’. மூலப்பாட்டு 1914-இல் வெளியானது. எழுதியவர் கறுப்பின இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி. அவர் அப்போது நியூயார்க்கில் உயிரோடு இருந்தார். அவருடைய மெட்டுக்குப் படைவீரர்கள் நடை போட்டார்கள். அந்த மெட்டை வாசிக்கும் வரிசையில் அவருடைய இனத்தவர் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. வானொலியில் கேட்பவருக்கு இது தெரியாது. படம் எடுத்தால்தான் தெரியும். இதனால்தான் பேண்ட் படங்களில் முகம் என்ற கேள்வி இவ்வளவு கூர்மையாகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காலமும் இருந்தது. முதல் உலகப் போரில் நியூயார்க்கின் கறுப்பினப் படைப்பிரிவான 369-ஆவது காலாட்படைக்கு ஜேம்ஸ் ரீஸ் யூரோப் பேண்ட் அமைத்தார். நல்ல குழல் வாசிப்பாளர்கள் வேண்டும் என்று 1917-இல் போர்ட்டோ ரிக்கோ தீவுக்கே போய் ஆள் தேடிக் கூட்டிவந்தார். பிற்காலத்தில் லத்தீன் அமெரிக்காவின் பெரும் பாடலாசிரியரான ரஃபேல் ஹெர்னாண்டஸ் அப்படி வந்தவர்தான். அமெரிக்க ராணுவம் அந்தப் படைப்பிரிவைப் பிரெஞ்சுத் தளபதிகளிடம் தள்ளிவிட்டது. பிரெஞ்சு ஊர்களில் அந்த பேண்ட் ஜாஸை அறிமுகப்படுத்தியது. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் அவர்கள் வெற்றி அணிவகுப்பு நடத்தியபோது கேமராக்கள் சுழன்றன. அது மௌனப்பட யுகம். முகங்கள் பதிவாயின, இசை பதிவாகவில்லை. இசைத்தட்டில் அவர்களுடைய வாசிப்பு தனியே பதிவானது. மூன்று மாதத்துக்குள், மே 9 அன்று, பாஸ்டனில் தன் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஒருவராலேயே கத்தியால் குத்தப்பட்டு யூரோப் இறந்தார். ஒலிப்படம் வந்த பிறகு அந்த அணிவகுப்பு ‘ஸ்டார்மி வெதர்’ என்ற 1943-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மறுபடி உருவாக்கப்பட்டது. கறுப்பினக் கலைஞர்களே நடித்த தனிப்படம் என்பதால் அது சாத்தியமாயிற்று. கறுப்பர் மட்டும் என்றால் சரி, வெள்ளையர் மட்டும் என்றாலும் சரி, கலந்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த படம்தான் ‘ஜாமின் தி ப்ளூஸ்’. இயக்கியவர் ஜோன் மிலி. அல்பேனியாவில் பிறந்து, ‘லைஃப்’ பத்திரிகையில் புகைப்படக்காரராகப் பெயர் வாங்கியவர். இசைப் பொறுப்பு நார்மன் கிரான்ஸ் என்ற இளைஞர். 1944 ஜூலையில்தான் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கும் கச்சேரி வரிசையைத் தொடங்கியிருந்தார். பார்வையாளரையும் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. பின்னாளில் ஹிட்ச்காக் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த ராபர்ட் பர்க்ஸ்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர்.

படத்தின் தொடக்கம் இன்றும் பேசப்படுகிறது. கறுத்த திரையில் ஒளி விளிம்புள்ள இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. என்ன என்று புரியாது. புகை மேலெழும். மெல்ல ஒரு தலை நிமிரும்போதுதான் தெரியும், அது மேலிருந்து பார்த்த தொப்பி. தொப்பிக்குச் சொந்தக்காரர் லெஸ்டர் யங். சாக்சஃபோனை வாயில் வைக்கிறார். ஒரு முகத்துக்கு இவ்வளவு பொறுமையாக வழிவிட்ட பேண்ட் குறும்படம் அந்தக் காலத்தில் அபூர்வம். டிரம்பெட்டில் ஹாரி எடிசன், பாடகியாக மேரி பிரையன்ட், இன்னொரு சாக்சஃபோனில் இலினாய் ஜாக்கே. டிரம்ஸை சிட்னி கேட்லெட்டிடமிருந்து பாட்டின் நடுவிலேயே ஜோ ஜோன்ஸ் வாங்கிக்கொள்கிறார், தாளம் அறுபடுவதில்லை.

கிடார் வாசித்தவர் பார்னி கெசல், வெள்ளையர். தெற்கே படம் ஓடாது என்று ஸ்டூடியோ கவலைப்பட்டது. கெசலின் வாசிப்பை வைத்துக்கொண்டு, திரையில் வேறொரு கறுப்பினக் கலைஞரை நிறுத்தலாம் என்ற யோசனையும் வந்தது. கிரான்ஸ் மறுத்தார். முடிவில் சமரசம்: கெசல் நிழலில் உட்காருவார், விரல்களை நெருக்கத்தில் காட்டும் இடங்களில் அவர் கைக்குப் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள். வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பரைக் கேலி செய்தது ஹாலிவுட்டின் பழைய பழக்கம். இங்கே கேலிக்காக இல்லை, கலப்பை மறைப்பதற்காக ஒரு வெள்ளையரின் கை கறுப்பாக்கப்பட்டது. மரைன் பேண்ட் படத்தில் தேவைப்படாத ஒப்பனை இது.

இதன் பின்கதைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. படப்பிடிப்பு 1944 கோடையின் கடைசியில் நடந்தது. செப்டம்பர் முடிவில் லெஸ்டர் யங்கை ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்பில் இழுத்துக்கொண்டது. படத்தில் டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸும் உடன் போனார். யங்குக்கு அப்போது வயது 35. அமெரிக்காவின் மிகச் சிறந்த சாக்சஃபோன் கலைஞர்களில் ஒருவர். மில்லரின் பேண்டிலும் ஆர்ட்டி ஷாவின் கடற்படை பேண்டிலும் வெள்ளையினக் கலைஞர்கள் வாத்தியத்தோடு போர்க்காலத்தைக் கழித்தார்கள். யங்கை எந்த பேண்டிலும் சேர்க்கவில்லை. அலபாமாவின் ஃபோர்ட் மெக்லெல்லன் முகாமில் சாதாரணச் சிப்பாயாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் படம் தியேட்டர்களுக்கு வந்தபோது திரையில் அவர் முகம் ஒளிர்ந்தது; அவர் முகாமில் வாத்தியம் இல்லாமல் இருந்தார். 1945 பிப்ரவரியில் போதைப்பொருள் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம் ஓராண்டு தண்டனை விதித்தது. ஜார்ஜியாவில் சிறைக் காவல், ஆண்டுக் கடைசியில் மானக்கேடான பணிநீக்கம். அந்தச் சிறைக் கொட்டடியின் (டிடென்ஷன் பேரக்ஸ்) பெயராலேயே ‘டி.பி. ப்ளூஸ்’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

யங்கைப் படமெடுக்க ஸ்டூடியோவுக்கு மனமிருந்தது. அவரை பேண்டில் வைத்துக்கொள்ள ராணுவத்துக்கு மனமில்லை. அவர் ராணுவ பேண்டில் இருந்திருந்தால் ஸ்டூடியோ படமெடுத்திருக்குமா? கிரேட் லேக்ஸ் விஷயத்தைப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களின் கதை இன்னும் ஒரு சுற்று உள்ளே போகிறது. ராணுவத்தின் மகளிர் படையில் ஐந்து பேண்டுகள் இருந்தன. அயோவாவின் ஃபோர்ட் டி மாய்ன் முகாமில் வெள்ளையினப் பெண்களின் பேண்டில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காததால் அவர்களுக்கென்று தனியாக உருவானது 404-ஆவது பேண்ட். அமெரிக்க ராணுவ வரலாற்றில் கறுப்பினப் பெண்கள் மட்டுமே கொண்ட ஒரே பேண்ட் அது.  1944-இல், ஒரே முகாமில் இரண்டு பேண்டுகளுக்கு இடமில்லை என்று ராணுவம் இவர்களுடைய குழுவைக் கலைத்தது. எந்தக் குழு கலைக்கப்படும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. என்.ஏ.ஏ.சி.பி.யும் கறுப்பின அமைப்புகளும் கடிதம் மேல் கடிதம் எழுதின. செப்டம்பரில் ராணுவம் இறங்கிவந்து குழுவை மறுபடி அமைத்தது. இடைப்பட்ட காலத்தில் வாத்தியங்களைப் பிடுங்கி வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். கையில் கிடைத்ததை வைத்துப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1945 மே மாதம் சிகாகோவில் போர் நிதி திரட்ட வாசித்துக் கைதட்டல் வாங்கினார்கள்.

ராணுவத்துக்கு வெளியே ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்ற பெண்கள் குழு இருந்தது. மிசிசிப்பியின் பைனி உட்ஸ் பள்ளியில் பிறந்தது. கறுப்பின, சீன, மெக்சிகோ வம்சப் பெண்கள் சேர்ந்து வாசித்தார்கள். பின்னர் வெள்ளையினப் பெண்களும் சேர்ந்தார்கள். தெற்கே பயணம் போகும்போது போலீஸ் கண்ணில் படாமலிருக்க அந்த வெள்ளையினப் பெண்கள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். கெசலின் கைக்கு நடந்த அதே காரியம், திரைக்கு வெளியே, சாலையோர ஊர்களில். 1945-இல் ஐரோப்பாவில் இருந்த படைவீரர்களுக்கு வாசிக்கப் போனார்கள். வீரர்கள், அதிலும் கறுப்பின வீரர்கள், வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதி இவர்களைக் கேட்டு வாங்கினார்கள் என்பது ஆறுதலான செய்தி.

ஜப்பானிய அமெரிக்கர் விஷயத்தைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்துவைத்த அரசே, அவர்களுடைய பிள்ளைகளைக் கொண்டு 442-ஆவது படைப்பிரிவை அமைத்தது. அதற்கென்று ஒரு பேண்டும் இருந்தது. மகன் அமெரிக்கக் கொடிக்கு வாத்தியம் வாசிக்க, பெற்றோர் முள்வேலிக்குள் இருந்தார்கள். ஹாலிவுட் குறும்பட வரிசைக்கு இது தொட முடியாத விஷயம்.

1948 ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த 9981 என்ற ஆணை படைகளில் இனப்பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. கலப்பை நிழலில் மறைக்க வேண்டியிருந்த ‘ஜாமின் தி ப்ளூஸ்’ 1995-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பற்றி இன்று படமெடுப்பவர்களில் சிலர், அன்று இல்லாத முகங்களை அன்றைய சட்டகத்துக்குள் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். மற்றக் கதைகளில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கலாம். ராணுவ பேண்ட் கதையில் செய்யக் கூடாது என்பது என் கருத்து. 1942-இன் மரைன் பேண்டில் ஒரு கறுப்பின கிளாரினெட் கலைஞரை உட்காரவைத்தால், ஹோல்கம்ப் சொன்னதும் மான்ட்ஃபோர்ட் பாயின்ட்டின் தனி முகாமும் நடக்காதது போலாகிவிடும். விலக்கியவர்களுக்கு நாமே மன்னிப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகும். அந்தச் சட்டகத்தை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். சேப்பல் ஹில்லின் சமூகக் கூடத்திலிருந்து வளாகத்துக்குப் போகும் தெருவுக்கும், வாத்தியம் பிடுங்கப்பட்ட 404-ஆவது பேண்டின் பயிற்சி அறைக்கும் கேமராவைக் கொண்டுபோங்கள். அங்கே யாரையும் புதிதாகச் சேர்க்க வேண்டிய அவசியம் இருக்காது.